தோற்றுப்போன ஒரு குடியரசு அமைச்சரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி? காசாரெஸ் கிரோகாவை வைத்து ஒரு வழிகாட்டி

ஸ்பெயினின் இரண்டாவது குடியரசு 1931 ஏப்ரல் 14 அன்று வந்தது, 1939-ல் கிளர்ச்சி ராணுவத்தின் தலைவர் பிராங்கோவிடம் தோற்று முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் அமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் வழக்கறிஞர்களுக்குக் குறைச்சலே இல்லை. அல்காலா சமோரா, அல்வாரோ தெ அல்போர்னோஸ், கட்டலோனியாவின் கும்பான்ஸ், வடமேற்கில் இருக்கும் கலீசியாவின் சந்தியாகோ காசாரெஸ் கிரோகா என்று பட்டியல் நீளும். இவர்களில் ஒருவரைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரையோ விக்கிப்பீடியா பக்கமோ எழுத நினைத்தால் ஸ்பெயினுக்குப் போக வேண்டியதில்லை, வேண்டிய ஆவணங்களில் பெரும்பகுதி இணையத்தில் இலவசமாகவே கிடக்கிறது. எதை முதலில் திறப்பது, எதைக் கடைசிவரை திறக்காமல் வைப்பது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

உதாரணத்துக்கு காசாரெஸை எடுத்துக்கொள்வோம். காரணம், இவரைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வசனம்தான். 1936 ஜூலையில் ராணுவம் கிளர்ந்தெழுந்துவிட்டது என்று செய்தி வந்தபோது பிரதமராக இருந்த இவர், 'அவர்கள் எழுந்துவிட்டார்களா? அப்படியானால் நான் படுக்கப் போகிறேன்' என்று சொன்னாராம். வேடிக்கையான வசனம், ஸ்பானிய மொழியில் இன்னும் நன்றாக விழும். ஆனால் சொன்னாரா? இந்தக் கேள்வியை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். தோற்றவர்களைப் பற்றி எழுதும்போது இதுதான் முதல் விதி: கதைகள் கடைசியில், தேதிபோட்ட காகிதங்கள் முதலில். ஏனென்றால் ஜெயித்தவர்கள் கிட்டத்தட்ட நாற்பது வருடம் தங்கள் பக்கத்துக் கதையை மட்டுமே அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள், தோற்ற பக்கத்திலும் யார்மேல் பழியைப் போடலாம் என்று ஆள் தேடினார்கள். காசாரெஸ் இரண்டு தரப்புக்கும் வசதியாகக் கிடைத்த ஆள்.

பெயரில் தொடங்குங்கள், பிறப்பில் அல்ல

ஸ்பானியப் பெயரில் இரண்டு குடும்பப் பெயர்கள் இருக்கும், முதலாவது அப்பாவுடையது, அடுத்தது அம்மாவுடையது. இங்கே 'காசாரெஸ்' அப்பா வழி, 'கிரோகா' அம்மா வழி. தேடும்போது இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள். வெறும் காசாரெஸ் என்று போட்டால் முதலில் வந்து நிற்பது அவருடைய மகள் மரியா காசாரெஸ்தான், பிரான்சின் பெரிய நாடக நடிகை, அப்பாவைவிடப் பல மடங்கு புகழ்பெற்றவர். வெறும் கிரோகா என்று தேடினால் கலீசியாவில் பாதிப் பேர் வந்துவிடுவார்கள். அவர் காலத்துப் பத்திரிகைகளிலோ சில சமயம் முழுப்பெயர், சில சமயம் 'திரு காசாரெஸ்', சில சமயம் வெறும் 'உள்துறை அமைச்சர்' என்றுதான் இருக்கும். ஆகவே பதவிப் பெயரையும் தேடல் சொல்லாக வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய சொந்த ஊரின் பெயரும் அப்படித்தான், பழைய காகிதங்களில் 'லா கொருன்யா', இன்று அதிகாரபூர்வமாக 'அ கொருன்யா'. தமிழில் எப்படி எழுதுவது என்பதை முதல் நாளே முடிவுசெய்து கடைசிவரை மாற்றாமல் இருந்தால் போதும், அதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு கண்ணி, இதில் இயந்திர மொழிபெயர்ப்பை நம்பி விழுந்தவர்கள் நிறைய. ஸ்பானியக் காகிதங்களில் குடியரசுத் தலைவரும் 'பிரெசிதெந்தே', அமைச்சரவைத் தலைவரான பிரதமரும் 'பிரெசிதெந்தே', நாடாளுமன்ற அவைத் தலைவரும் அதேதான். மொழிபெயர்ப்பு மென்பொருள் எல்லாரையும் ஜனாதிபதி ஆக்கிவிடும். காசாரெஸ் ஒருநாளும் குடியரசுத் தலைவராக இருந்ததில்லை, இவர் பிரதமராக இருந்த 1936 மே முதல் ஜூலை வரை குடியரசுத் தலைவராக இருந்தவர் அவருடைய நண்பர் மனுவேல் அசான்யா.

பிறப்பில் தொடங்க வேண்டாம் என்றதற்கும் காரணம் உண்டு. காசாரெஸ் 1884 மே 8 அன்று கொருன்யாவில் பிறந்தார், அப்பாவும் வழக்கறிஞர், அவரும் குடியரசுவாதி. ஆனால் உள்நாட்டுப் போர்க் காலத்தில் பிராங்கோ தரப்பின் கொருன்யா மாகாண ஆளுநர், இந்த மனிதரின் பெயரைப் பிறப்புப் பதிவேட்டிலிருந்தே நீக்க உத்தரவு போட்டார். மனிதர்களுக்காக வைத்திருக்கும் பதிவேட்டில் இடம்பெறத் தகுதியில்லாதவர் என்பது அதற்குச் சொன்ன காரணம். அதோடு விடவில்லை, வழக்கறிஞர் சங்கப் பதிவேட்டிலிருந்தும் எடுக்கச் சொன்னார். ஊரில் இருந்த அவருடைய பெரிய நூலகமும் சூறையாடப்பட்டது. ஆகவே 'இளமைக் காலம்' என்று பெரிய அத்தியாயம் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தால் கையில் சரக்கு குறைவாகத்தான் இருக்கும், அந்த ஓட்டையைக் கற்பனையால் அடைக்க ஆசை வரும். அடைக்காதீர்கள். பதிவேட்டிலிருந்து நீக்கச் சொன்ன உத்தரவையே எழுதுங்கள், பள்ளிப் பருவத்தைப் பற்றிய நாலு பத்தியைவிட அது அவரைப் பற்றி அதிகம் சொல்லும்.

எலும்புக்கூடு: அரசிதழும் நாடாளுமன்றக் குறியீடும்

ஸ்பெயின் அரசிதழின் பழைய பெயர் 'காசெத்தா தெ மாட்ரிட்'. போர்க் காலத்தில், 1936 நவம்பர் முதல், 'காசெத்தா தெ லா ரெப்புப்ளிக்கா' என்று பெயர் மாறியது. இன்றைய அரசிதழின் இணையதளத்தில், பழைய இதழ்கள் எல்லாம் 'காசெத்தா, வரலாற்றுத் தொகுப்பு' என்ற பகுதியில் கிடைக்கும், 17-ஆம் நூற்றாண்டு முதலே. பெயரைப் போட்டுத் தேடலாம்தான், ஆனால் தேதியைத் தெரிந்துகொண்டு அந்த நாளின் இதழை நேராகத் திறப்பதுதான் வேகமான வழி. ஓர் அமைச்சரின் ஒவ்வொரு நியமனமும் ஒவ்வொரு ராஜினாமாவும் இங்கே ஓர் ஆணையாக இருக்கும். ஆணையில் கையெழுத்திட்ட தேதி ஒன்று, இதழ் வெளியான தேதி இன்னொன்று, பெரும்பாலும் ஒருநாள் தள்ளி. பல நூல்களில் தேதிகள் ஒருநாள் முன்பின்னாக இருப்பதற்கு இதுவே காரணம். எதை எடுத்தாலும் ஒரே மாதிரி எடுங்கள், ஆணையின் தேதியை எடுப்பது என் பழக்கம்.

காசாரெஸுக்கு இப்படித் தொகுத்தால் வருவது: 1931 ஏப்ரல் 14, தற்காலிக அரசில் கடற்படை அமைச்சர். அதே ஆண்டு அக்டோபர் நடுவில் உள்துறை, 1933 செப்டம்பர் வரை. 1936 பிப்ரவரியில் இடதுசாரிகளின் கூட்டணியான மக்கள் முன்னணி ஜெயித்ததும் பொதுப்பணித்துறை, இடையில் கொஞ்ச நாள் உள்துறையும் பொறுப்பில். 1936 மே 13, பிரதமர், கூடவே போர்த்துறையும் அவரிடமே. ஜூலை 18 ராஜினாமா. அவ்வளவுதான் எலும்புக்கூடு, அரைப் பக்கம் வரும்.

இதோடு நாடாளுமன்ற இணையதளத்தில் இருக்கும் 'பிரதிநிதிகளின் வரலாற்றுக் குறியீடு' என்பதையும் திறந்துகொள்ளுங்கள், 1810 முதல் 1977 வரை உறுப்பினர்களாக இருந்தவர்கள் அதில் இருக்கிறார்கள். எந்தத் தொகுதி, எந்தத் தேர்தல், எப்போது உள்ளே வந்தார், எப்போது வெளியேறினார் என்பது தெரியும். 1931, 1933, 1936 மூன்று தேர்தல்களிலும் காசாரெஸ் கொருன்யாவிலிருந்து ஜெயித்தவர். 1933 தேர்தலில் குடியரசு இடதுசாரிகள் நாடு முழுக்க மண்ணைக் கவ்வினார்கள், அதிலும் இவர் ஜெயித்திருக்கிறார் என்றால் சொந்த ஊரில் பிடி எவ்வளவு பலமாக இருந்தது என்று தெரிகிறது. இப்படி ஒரு தேதிப் பட்டியலிலிருந்தே ஒரு கருத்து தானாக எழும்பி வரும், அதற்காகத்தான் இந்த வேலை.

கட்சிப் பெயர்களில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். 1929-ல் அந்தோன் பியார் போந்தேயோடு சேர்ந்து காசாரெஸ் தொடங்கியது 'ஓர்கா' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட தன்னாட்சி கலீசியக் குடியரசு அமைப்பு. பிறகு அது கலீசியக் குடியரசுக் கட்சியானது, 1934-ல் அசான்யாவின் இடது குடியரசுக் கட்சியோடு இணைந்தது. ஒரே ஆளுக்கு மூன்று கட்சி என்று பார்த்ததும் 'கட்சி தாவினார்' என்று எழுதிவிடாதீர்கள், கட்சிகள் இணைந்தன, அவர் இருந்த இடத்திலேயே இருந்தார்.

சதை: அவைக் குறிப்பும் நாளிதழும்

அவர் பேசியது என்ன என்பதற்கு நாடாளுமன்ற அவைக் குறிப்பைவிட நல்ல ஆதாரம் கிடையாது. சுருக்கெழுத்தர்கள் எடுத்து அச்சிட்டது, இடையில் வந்த கூச்சல், கைத்தட்டல் எல்லாம் அடைப்புக்குறிக்குள் இருக்கும். 1936 வசந்த காலத்தில் நாடு அவசரநிலையில் இருந்தது, பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்தது. அதனால் எதிர்க்கட்சிகள் தெருவில் நடந்த கொலைகளையும் தீவைப்புகளையும் அவையில் வாசித்துக் குறிப்பில் ஏற்றின. இந்தப் பின்னணி தெரியாமல் அந்த உரைகளைப் படித்தால் ஏன் இப்படிப் பட்டியல் வாசிக்கிறார்கள் என்று புரியாது.

ஒரு நாளைக்கு மட்டும் நேரம் ஒதுக்க முடியுமென்றால் 1936 ஜூன் 16 அவைக் குறிப்பைப் படியுங்கள். வலதுசாரிகளின் தலைவர் ஹில் ரோப்லெஸ் எழுந்து, பிப்ரவரி தேர்தலிலிருந்து அன்றுவரை 269 பேர் செத்தார்கள், 1,287 பேருக்குக் காயம் என்று வாசிக்கிறார். அடுத்து முடியாட்சிவாதி கால்வோ சொதேலோ பேசுகிறார், தன்னைப் பாசிஸ்ட் என்று சொல்லிக்கொள்வதில் தயக்கமில்லை என்ற அளவுக்குப் போகிறார், ராணுவத்தைத் தொட்டுப் பேசுகிறார். காசாரெஸ் பதிலுக்கு, இனி ஏதாவது நடந்தால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு என்கிறார். என் தோள் அகலமானது, தாங்கும் என்று கால்வோ சொதேலோ திருப்பிக் கொடுக்கிறார். கிட்டத்தட்ட நான்கு வாரம் கழித்து, ஜூலை 13 விடியற்காலையில், சீருடையில் வந்த பாதுகாப்புப் படையினர் கால்வோ சொதேலோவை வீட்டிலிருந்து அழைத்துப்போய்ச் சுட்டுக் கொன்றார்கள். அதற்கு முந்தைய இரவு சுட்டுக் கொல்லப்பட்ட குடியரசு அதிகாரி கஸ்தியோவுக்குப் பழிவாங்கல் அது. கொலைக்கு உத்தரவிட்டவர் காசாரெஸ் என்று காட்ட எதுவும் கிடையாது, ஆனால் ஜூன் 16 வார்த்தைகள் அவரைக் கடைசிவரை விடவில்லை. எழுதும்போது மிரட்டலையும் கொலையையும் ஒரே வாக்கியத்தில் கோக்காதீர்கள், அப்படிக் கோத்தாலே குற்றச்சாட்டு ஆகிவிடும். ஹில் ரோப்லெஸின் எண்களையும் 'ஹில் ரோப்லெஸ் வாசித்தபடி' என்று சொல்லியே எழுதுங்கள், எதிர்க்கட்சித் தலைவர் அவையில் தந்த கணக்கு அது.

நாளிதழ்களுக்கு வருவோம். ஸ்பெயின் தேசிய நூலகத்தின் டிஜிட்டல் பத்திரிகைச் சேமிப்பகம், கலாசார அமைச்சகத்தின் வரலாற்றுப் பத்திரிகை நூலகம், கலீசியாவுக்கென்று 'கலீசியானா' என்று மூன்று இடங்கள். 'ஏபிசி'யும் 'லா வன்குவார்தியா'வும் தங்கள் பழைய இதழ்களைத் தாங்களே ஏற்றியிருக்கின்றன. எல்லாம் ஒளிவருடல், எழுத்துணர்வு மென்பொருள் பழைய அச்சைப் படிப்பதில் சொதப்பும், பெயரைத் தேடினால் பாதிதான் சிக்கும். அதனால் மறுபடியும் அதே உபாயம்தான்: அரசிதழிலிருந்து தேதியை எடுங்கள், அந்தத் தேதியின் இதழையும் அதற்கு அடுத்த இரண்டு நாள் இதழ்களையும் கண்ணாலேயே புரட்டுங்கள்.

திங்கட்கிழமைகளில் மாட்ரிட் நாளிதழ்களைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஞாயிறு ஓய்வு காரணமாக அன்று வழக்கமான காலைத் தாள்கள் வராது, 'ஓஹா' என்று தொடங்கும் திங்கள் தாள் மட்டும்தான். 1936 ஜூலை 13 ஒரு திங்கள். ஆகவே கால்வோ சொதேலோ கொலைக்கு 14-ஆம் தேதி இதழ்களுக்குப் போக வேண்டும், அதையும் தணிக்கையின் கைபட்டது என்ற நினைப்போடு படிக்க வேண்டும்.

ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நிறம் உண்டு. 'எல் தெபாதே' கத்தோலிக்க வலது, 'ஏபிசி' முடியாட்சி, 'எல் சோசியலிஸ்தா' சோசலிசக் கட்சி, 'சோலிதாரிதாத் ஒப்ரேரா' பார்சிலோனா அராஜகவாதிகள். போர் தொடங்கியதும் இன்னொரு குழப்பம்: 'ஏபிசி' இரண்டாகிவிட்டது, மாட்ரிட் பதிப்பு குடியரசுக்காரர்கள் கையில், செவில்லா பதிப்பு கிளர்ச்சிக்காரர்கள் கையில். ஒரே பெயர், ஒரே தேதி, நேரெதிர் செய்தி. மேற்கோள் காட்டும்போது எந்த ஊர்ப் பதிப்பு என்று போடாவிட்டால் அந்த மேற்கோளுக்கு மதிப்பே இல்லை.

வழக்கறிஞர் அமைச்சரானபோது

வழக்கறிஞராக இருந்து அமைச்சரானவர் என்றால் கேட்டே தீர வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: நீதிமன்றத்தில் அரசுக்கு எதிராக நின்றவர், அரசே தானான பிறகு சட்டத்தை எப்படிக் கையாண்டார்? நல்ல வாழ்க்கை வரலாற்றின் நடுப்பகுதி இதுதான். பலரும் இதைத் தாண்டிக் குதித்து நேராக 1936-க்குப் போய்விடுகிறார்கள்.

காசாரெஸ் விஷயத்தில் சரக்கு தாராளம். 1931 மார்ச்சில் அவர் குற்றவாளிக் கூண்டில் இருந்தார். முடியாட்சியைக் கவிழ்க்கப் புரட்சி அறிக்கை விட்ட குழுவின் மீதான ராணுவ வழக்கு, அல்காலா சமோரா, மௌரா, அல்போர்னோஸ், லார்கோ கபயேரோ, தெ லோஸ் ரியோஸ் எல்லாரும் கூடவே. அல்போர்னோஸுக்காக வாதாடியவர் விக்தோரியா கென்ட், அந்த ராணுவ உச்ச நீதிமன்றத்தின் முன் நின்ற முதல் பெண் வழக்கறிஞர். ஆறு மாதமும் ஒரு நாளும் தண்டனை, ஆனால் நிபந்தனையோடு விடுதலை. சில வாரங்களில் ஏப்ரல் 14 வந்தது, கூண்டில் நின்ற ஆறு பேரும் ஆட்சியில். விக்தோரியா கென்ட் சிறைத்துறைத் தலைமை இயக்குநர்.

அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று குடியரசுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, காசாரெஸ் உள்துறைக்குப் போய் ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சட்டத்தின் வாசகத்தை அரசிதழிலேயே படியுங்கள், நீளமில்லை. எந்தெந்தச் செயல்கள் குடியரசு மீதான தாக்குதல் என்று ஒரு பட்டியல், அதற்குத் தண்டனையாக ஊர்க்கட்டோ நாடுகடத்தலோ 10,000 பெசேத்தா (அன்றைய ஸ்பானிய நாணயம்) வரை அபராதமோ, பத்திரிகையை நிறுத்தும் அதிகாரம், கூட்டத்தைத் தடுக்கும் அதிகாரம், எல்லாம் அமைச்சர் கையில். நீதிபதியின் பேச்சே இல்லை. 1932 பிப்ரவரியில், கட்டலோனியாவின் யோப்ரெகாத் பள்ளத்தாக்குக் கிளர்ச்சிக்குப் பிறகு, அவர்களுடைய தலைவர்களில் ஒருவரான துருத்தி உட்பட நூறுக்கும் மேற்பட்ட அராஜகவாதிகளை 'புவெனோஸ் ஐரெஸ்' என்ற கப்பலில் ஏற்றி ஆப்பிரிக்கக் கரைக்கு அனுப்பினார்கள், விசாரணை கிடையாது. ஆகஸ்ட் 10-ல் ஜெனரல் சன்ஹூர்ஹோவின் கலகம் தோற்றதும் முடியாட்சிக்காரர்களுக்கும் அதேபோல ஒரு கப்பல் பயணம்தான், பியா சிஸ்னெரோஸ் என்ற பாலைவன ஊருக்கு. இரண்டு பக்கமும் அவரை வெறுத்ததில் ஆச்சரியமில்லை. அந்தச் சட்டம் ஒரு வழக்கறிஞர் வெட்கப்பட வேண்டிய சட்டம் என்பது என் கருத்து, அந்த 1932-ஐப் பார்த்தால் அதற்கான காரணங்களும் தெரிகின்றன. உங்கள் கட்டுரையில் இரண்டும் இருக்கட்டும்.

அப்புறம் காசாஸ் பியேஹாஸ். 1933 ஜனவரியில் காதிஸ் மாகாணத்தின் இந்தச் சின்ன ஊரில் கூலி விவசாயிகள் எழுந்தார்கள். அதிரடிக் காவல் படை ஒரு குடிசையை உள்ளே ஆட்களோடு எரித்தது, பிறகு கேப்டன் ரோஹாஸ் கைதிகளை நிறுத்திச் சுடவைத்தார், ஊர்க்காரர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்தப் படை உள்துறையின் கீழ் வருவது. காயம்பட்டவனும் வேண்டாம், கைதியும் வேண்டாம், வயிற்றில் சுடுங்கள் என்று அசான்யா உத்தரவு போட்டார் என்று ஒரு வாசகம் பரவியது. அதற்கு எழுத்து ஆதாரம் வரவில்லை, நீதிமன்றத்தில் 21 ஆண்டுத் தண்டனை பெற்றவர் ரோஹாஸ். ஆனால் அரசு முதல் சில வாரங்கள் நடந்ததை ஒப்புக்கொள்ளாமல் இழுத்தது என்பது அவைக் குறிப்பில் தெளிவாகவே தெரியும். காசாரெஸின் பொறுப்பு அங்கேதான் இருக்கிறது, அதை அந்தப் பிரபலமான வாசகத்தின் பின்னால் ஒளிக்க வேண்டாம்.

நினைவுக் குறிப்புகள்

இந்தக் காலத்துக்கு அசான்யாவின் நாட்குறிப்புகளுக்கு ஈடு கிடையாது. காசாரெஸ் அவருக்கு நெருங்கிய நண்பர், அமைச்சரவைக்குள் நடந்தது அன்றன்றே எழுதப்பட்டிருக்கும். ஆனால் அவற்றில் மூன்று நோட்டுகளுக்குத் தனிக் கதை உண்டு. 1932-33 காலத்தைச் சேர்ந்தவை, போரின்போது ஜெனீவாவின் ஸ்பானியத் துணைத் தூதரகத்திலிருந்து திருடப்பட்டு பிராங்கோ கைக்குப் போயின, 1990-களில்தான் வெளியே வந்தன. ஆகவே அதற்கு முந்தைய நூல்களில் அந்தக் காலம் ஒன்று வெறுமையாக இருக்கும், இல்லையென்றால் பிராங்கோ தரப்பு பொறுக்கி எடுத்து வெளியிட்ட துணுக்குகளாக இருக்கும். ஒரு நூலைக் கையில் எடுத்தால் எந்த ஆண்டில் வந்தது என்று முதலில் பாருங்கள்.

மகள் மரியாவின் நினைவுக் குறிப்பு 1980-ல் பிரெஞ்சில் வந்தது. அதிலிருந்து அரசியல் எடுக்காதீர்கள், 1936-ல் அவருக்கு 13 வயது. காசநோயோடு வாழ்நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருந்த அப்பா, பானதேய்ராஸ் தெருவில் இருந்த வீடு போன்றவற்றுக்கு அது தங்கம். அந்த வீடு இன்று அருங்காட்சியகம், கொருன்யா மாநகராட்சி நடத்துகிறது.

ஸ்பெயினின் அரச வரலாற்றுக் கழகத்தின் வாழ்க்கை வரலாற்று அகராதி இணையத்தில் இலவசம், தேதிகளைச் சரிபார்க்க வசதியானது. 2011-ல் அச்சுப் பதிப்பு வந்தபோது பிராங்கோ பற்றிய கட்டுரையில் அவரைச் சர்வாதிகாரி என்று சொல்லாமல் விட்டதற்காகப் பெரிய ரகளை நடந்தது. ஆகவே தேதிக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பை நீங்களே எழுதுங்கள். சாலமாங்காவின் வரலாற்று நினைவு ஆவண மையத்தையும் 'பாரெஸ்' என்ற ஆவணக் காப்பக நுழைவாயில் வழியாகத் தேடிப் பாருங்கள். பிராங்கோ அரசு தன் எதிரிகள்மீது திறந்த கோப்புகள் அங்கே இருக்கின்றன. 1939 பிப்ரவரி 9-ல் வந்த அரசியல் பொறுப்புச் சட்டம், 1934 அக்டோபர் வரை பின்னோக்கிப் போய் அப்போது குற்றமே இல்லாதவற்றுக்குத் தண்டித்தது. அந்தக் கோப்புகளில் இருக்கும் சொத்துப் பட்டியலை நம்பலாம், குணச்சித்திரத்தை நம்பக் கூடாது.

இப்போது அந்த வசனத்தை எடுங்கள்

எல்லாம் முடிந்தபிறகு ஓரமாக வைத்ததைக் கையில் எடுங்கள். மூன்று கேள்வி கேட்டால் போதும்: யார் கேட்டது, எப்போது முதலில் எழுதினார்கள், அதே நேரத்தில் காகிதம் என்ன சொல்கிறது.

காகிதம் இது: 1936 ஜூலை 17 மாலை வட ஆப்பிரிக்காவில் ஸ்பெயின் வசமிருந்த மெலில்லாவில் கிளர்ச்சி தொடங்கியது. ஜூலை 19 அரசிதழைத் திறந்தால் 18-ஆம் தேதியிட்ட ஆணைகள் இருக்கும். கிளர்ச்சி அதிகாரிகளின் கீழிருக்கும் படைவீரர்கள் அனைவரும் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்கள், கிளர்ச்சிக்காரர்கள் அறிவித்த போர்நிலை செல்லாது என்கின்றன அவை. காசாரெஸின் கையெழுத்து. படுக்கப் போன ஆளின் மேசை இல்லை அது. ஆணைகள் பலித்தனவா என்றால் இல்லை, கிளர்ச்சிப் பகுதியில் யாரும் மதிக்கவில்லை, குடியரசுப் பகுதியிலோ இருந்த படைவீரர்களும் வீட்டுக்குப் போக வழி செய்துவிட்டது. ஒரு வழக்கறிஞர் துப்பாக்கிக்கு ஆணையால் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். தொழிற்சங்கங்கள் ஆயுதம் கேட்டன, அவர் கொடுக்க மறுத்தார், அன்றிரவே ராஜினாமா. அடுத்துப் பிரதமரான மார்த்தினெஸ் பாரியோவின் அரசு சில மணி நேரத்தில் கவிழ்ந்தது, அவருக்குப் பின் ஹோசே ஹிரால் பிரதமராக வந்தபிறகுதான் ஆயுதம் விநியோகமானது.

அப்படியானால் தூக்கக் கதை எங்கிருந்து வந்தது? என் ஊகம், 1930 டிசம்பரில் தேடுங்கள். ஹாகா என்ற மலையூரில் கேப்டன் ஃபெர்மின் கலான் முடியாட்சிக்கு எதிராகக் கிளர்ச்சிக்குத் தயாராக இருந்தார். தள்ளிப்போடச் சொல்ல மாட்ரிட் புரட்சிக் குழு அனுப்பிய ஆள் காசாரெஸ். 11-ஆம் தேதி இரவு தாமதமாக வந்து சேர்ந்தார், கலானைப் பார்க்காமல் விடுதியில் படுத்துவிட்டார், 12 விடிவதற்குள் கிளர்ச்சி தொடங்கிவிட்டது. 14-ஆம் தேதி கலானையும் கார்சியா எர்னாந்தெஸையும் சுட்டுக் கொன்றார்கள். அந்தத் தூக்கம் உண்மை, பலரும் சாட்சி சொன்னது. ஏற்கெனவே ஒருமுறை தூங்கிப்போன ஆள் என்று பெயர் வாங்கியவர்மேல் இன்னொரு தூக்கத்தை ஏற்றுவது சுலபம்.

வசனத்தை எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. 'என்று சொன்னதாகக் கூறப்படுகிறது' என்று ஒரு வரியில் போடுங்கள், ஆணைகளைப் பற்றிச் சொன்ன பிறகு போடுங்கள். அவருடைய உண்மையான தப்பு அதைவிடப் பெரியது: சதியைப் பற்றி எச்சரிக்கைகள் குவிந்துகொண்டிருந்தன, பாதுகாப்புத் துறைத் தலைவர் அலோன்சோ மல்யோல் சதிகாரர்களைக் கண்காணித்துத் தகவல் தந்துகொண்டிருந்தார், ஜூன் 23 அன்று கனாரித் தீவுகளிலிருந்து பிராங்கோவே ராணுவத்தின் அதிருப்தியைப் பற்றி வழவழவென்று ஒரு கடிதம் எழுதினார், போர்த்துறையையும் கையில் வைத்திருந்தவர் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இதற்கு வேடிக்கை வசனம் தேவையில்லை.

கடைசிப் பகுதியும் படமும்

நாடுகடந்த வாழ்க்கையைச் சுருக்கமாக முடிப்பதே நல்லது, ஆதாரமும் குறைவு. பிரான்ஸ், 1940-ல் ஜெர்மானியர் வந்ததும் லண்டன், போர் முடிந்ததும் மீண்டும் பாரிஸ், 1950 பிப்ரவரி 17 அன்று அங்கேயே மரணம். மனைவியும் மரியாவும் போர் முழுக்கப் பாரிஸில் தங்கிவிட்டார்கள், மூத்த மகள் எஸ்தர் ஸ்பெயினிலேயே அகப்பட்டுக்கொண்டு வெளியேற முடியாமல் பல ஆண்டுகள் தவித்தார். அமைச்சர் தப்பித்தார், குடும்பம் விலை கொடுத்தது என்பதற்கு ஒரு பத்தி நிச்சயம் ஒதுக்குங்கள்.

படம் போட வேண்டுமென்றால் ஸ்பெயினில் ஒரு விசேஷ விதி இருக்கிறது. 1987-க்கு முன் இறந்த படைப்பாளிகளுக்குப் பதிப்புரிமை அவர்கள் இறந்து 80 ஆண்டு வரை செல்லும், நாம் பழகிய 60 ஆண்டுக் கணக்கு இங்கே எடுபடாது. ஆகவே படத்தில் இருப்பவர் எப்போது இறந்தார் என்று பார்க்காதீர்கள், படமெடுத்தவர் யார், எப்போது இறந்தார் என்று பாருங்கள். அது தெரியாத படமாக இருந்தால் விக்கிமீடியா பொதுவகத்தில் உரிமக் குறிப்போடு இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்தக் குறிப்பையும் படத்துக்குக் கீழே அப்படியே போட்டுவிடுங்கள்.